வளர்ப்பு என்ற சொல்லும் பொன்வண்டும்

நாய் வளர்க்கிறோம், கிளி வளர்க்கிறோம், பொன்வண்டு வளர்க்கிறோம் என்று தமிழில் மூன்றுக்கும் ஒரே வினைச்சொல்லைத்தான் வழங்கி வருகிறோம். முதல் இரண்டில் அந்தச் சொல்லுக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. நாய்க்குட்டி கண்முன்னே நாயாகிறது. கிளிக்குஞ்சுக்கு இறகு முளைக்கிறது. பொன்வண்டு விஷயத்தில் வளர்வது எதுவும் இல்லை. கையில் பிடிபடுகிறபோதே அது முழு வளர்ச்சியை அடைந்துவிட்ட ஜீவன். அதற்குமேல் ஒரு மயிரிழை அளவுகூட அது வளரப்போவதில்லை. சில வாரங்கள் இலை தின்னும், இணை சேரும், முட்டையிடும், செத்துப்போகும். ஆக, 'வளர்ப்பு' என்று நாம் சொல்வது வைத்திருத்தலைத்தான். இந்தச் சொற்குழப்பம் தற்செயலானதல்ல என்றும், அதற்குப் பின்னால் நீண்ட சரித்திரம் ஒன்று உண்டு என்றும், அந்தச் சரித்திரம் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட மேய்ச்சல் நிலங்களில் வந்து நிற்கிறது என்றும் எனக்குத் தோன்றுகிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

பழக்கத்தை முதலில் விவரித்துவிடுகிறேன். நகரத்திலேயே பிறந்து வளர்ந்த வாசகர்களுக்கு அது தெரிந்திராமல் இருக்கலாம். ஆடி ஆவணியில் நாலு மழை விழுந்த பிறகு முள்காட்டில் வேலமரத்திலும் கொடுக்காப்புளியிலும் இலந்தையிலும் பொன்வண்டு வந்து உட்காரும். கட்டைவிரலின் மேல்கணு அளவு இருக்கும். கழுத்துப்பகுதி பச்சையாக மினுங்கும், முதுகு செம்பழுப்பு. முதுகும் பச்சையாகவே அமைந்த வகை ஒன்று உண்டு, அதற்கு மதிப்பு அதிகம். பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு, கொடுக்காப்புளி இலையைக் கிள்ளி உள்ளே வைப்பார்கள். கழுத்துக்கும் முதுகுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இலைக்காம்பைக் கொடுத்தால் வெட்டும். காலில் நூல் கட்டிவிட்டால் சுற்றிச் சுற்றிப் பறக்கும். இரண்டு மூன்று நாளில் பெட்டியின் மூலையில் வெளிர்நிறத்தில் முட்டை கிடக்கும். முட்டையிட்ட வண்டை வைத்திருக்கிறவனுக்கு வகுப்பில் ஒரு அந்தஸ்து. பென்சிலுக்கும் கோலிக்குண்டுக்கும் பண்டமாற்று நடக்கும். தொண்ணூறுகளில் விழுப்புரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இது மும்முரமாக நடந்தது. முட்டை பொரித்ததை மட்டும் எங்களில் யாரும் பார்த்ததில்லை. ஏன் பொரிக்கவில்லை என்று யாரும் கேட்டதாகவும் நினைவில்லை. முட்டை எங்களுக்கு ஒரு பரிசு. அதற்குப் பின்னால் ஏதோ தொடர வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

இதைத் தொன்றுதொட்டு வந்த கிராமிய வழக்கம் என்று நெகிழ்ந்து எழுதுகிறவர்கள் உண்டு. தீப்பெட்டிக்கு வயது இருக்கிறது என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். தீப்பெட்டி இந்த நாட்டுக்கு முதலில் ஸ்வீடனிலிருந்தும் பிறகு ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்த சரக்கு. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தொழில் கற்றுத் திரும்பி, அடுத்த ஆண்டு உற்பத்தியைத் தொடங்கினார்கள். ஸ்வீடன் கம்பெனியின் கிளையான விம்கோ இந்தியாவில் ஏற்பட்டதும் அதே 1923இல்தான். ஆக, காலிப் பெட்டி என்ற வஸ்து எந்தக் குடிசையிலும் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது இருபதாம் நூற்றாண்டு கொஞ்சம் நகர்ந்த பிறகுதான். அதை வைத்துக்கொள்ளச் சட்டைப்பை வேண்டும். கிராமத்துப் பையனுக்குச் சட்டைப்பை வந்ததும் பள்ளிக்கூடத்தோடுதான். அதற்கு முன்பும் பிள்ளைகள் வண்டு பிடித்திருப்பார்கள், கொட்டாங்கச்சியிலோ ஓலைப்பெட்டியிலோ போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் நாம் ஞாபகத்தில் போற்றுகிற அந்தக் குறிப்பிட்ட பொன்வண்டு, அதாவது சட்டைப்பைக்குள் தீப்பெட்டி, தீப்பெட்டிக்குள் வண்டு என்ற அந்தக் காட்சி, ஒரு தொழிற்சாலைச் சரக்கின் காலிக்கூடு இல்லாமல் உண்டாகியிருக்காது. நம் பால்யங்களில் தொன்மையானது என்று நாம் நம்புகிற பலவும் இந்த மாதிரிதான். ஐம்பது அறுபது வருஷப் பழக்கம் மூவாயிரம் வருஷ வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்.

பெயருக்கு வருவோம். பொன்வண்டு என்று நாம் சேர்த்துச் சொல்கிற இனங்களுள் ஒன்றை லின்னேயஸ் 1758லேயே பட்டியலிட்டுவிட்டார். செம்பழுப்பு முதுகு கொண்ட இன்னொன்றுக்கு அவருடைய மாணவர் பாப்ரிஸியஸ் 1775இல் பெயர் வைத்தார். வைத்த பெயர் 'கிரிஸிஸ்'. பொன்னைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் உறவு. வேலமரத்தடியில் நின்ற பையனும் ஐரோப்பாவில் குண்டூசி குத்திய வண்டைப் பார்த்த பேராசிரியரும் ஒருவரையொருவர் அறியாமல் ஒரே பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் பூச்சிகளும் செடிகளும் மீன்களும் போய்ச் சேர்ந்த வாசல்களில் டேனிஷ்காரர்களின் தரங்கம்பாடி முக்கியமானது. லின்னேயஸிடம் படித்த கேனிக் என்ற வைத்தியர் 1768இல் அங்கே மிஷன் மருத்துவராக வந்தார். கரையானைப் பற்றி முதலில் சிரத்தையாக எழுதியவர்களில் அவரும் ஒருவர். பிறகு டால்டார்ஃப் என்ற டேனிஷ் ராணுவ அதிகாரி அங்கிருந்து பூச்சிகள் சேகரித்தார். அவற்றில் பலவற்றுக்குப் பாப்ரிஸியஸ் பெயர் சூட்டினார். இவர்களையெல்லாம் நான் பரிகசிக்கவில்லை. அவர்கள் பார்த்த அளவுக்குக்கூட இந்த மண்ணின் பூச்சிகளை நம் புலவர்கள் பார்க்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவர்கள் கைக்கும் வந்தது வண்டின் முடிவுதான். காய்ந்து, ஊசியில் ஏறி, மரப்பெட்டிக்குள் வரிசையில் நின்ற வண்டு. தீப்பெட்டி கொஞ்சம் பெரிதாயிற்று, அவ்வளவே.

குடும்பப் பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பொன்வண்டுகளின் குடும்பத்துக்கு 'புப்ரெஸ்டிஸ்' என்ற சொல்லிலிருந்து பெயர் வந்தது. பழைய கிரேக்கர்கள் அந்தச் சொல்லால் குறித்தது, புல்லோடு தின்றுவிட்டால் மாட்டின் வயிற்றை வீங்கவைக்கும் ஒரு விஷவண்டை. அது வேறு ஜாதி. சொல்லை எடுத்து இந்தச் சாதுவான இலைதின்னியின் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர் ஒரு பக்கமும் வாழ்க்கை ஒரு பக்கமுமாகப் போவது தமிழுக்கு மட்டும் நேர்ந்த விபத்தல்ல.

நம் பக்கத்து விபத்து வேறு வகை. தமிழில் வண்டு என்றால் என்ன? சங்கக் கவிதையின் வண்டும் சுரும்பும் ஞிமிறும் தும்பியும் பெரும்பாலும் பூவை நாடிப் போகிறவை, தேன் உண்கிறவை, யாழ் போல ஒலிப்பவை. அதாவது தேனீயும் அதன் உறவுகளும். முதுகில் ஓடு போர்த்த ஜாதியை அந்தச் சொற்களில் தேடிப் பிரித்தெடுப்பது கஷ்டம். அரிஸ்டாட்டில் அந்த ஜாதியை 'உறைச்சிறகி' என்ற அர்த்தம் வருகிற ஒரு சொல்லால் தனியாகப் பிரித்தார்; விஞ்ஞானம் இன்றும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. நம்மிடம் தொல்காப்பிய மரபியல் இருக்கிறது. உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் அடுக்கிய அருமையான முயற்சி அது. நண்டும் தும்பியும் அதில் நான்கறிவு உயிர்கள். கரையானும் எறும்பும் மூன்றறிவு. ஆனால் அந்த அடுக்கில் ஒவ்வொரு உயிரும் தன் படியிலேயே நிற்கிறது. ஒரே உயிர் முதலில் புழுவாக ஒரு படியிலும் பிறகு வண்டாக இன்னொரு படியிலும் இருக்கலாம் என்பதற்கு அங்கே இடம் வைக்கப்படவில்லை.

உருமாற்றத்தைப் பற்றி நம் மரபு பேசவே இல்லை என்று இதற்கு அர்த்தமல்ல. பேசியது, வேறு விதமாகப் பேசியது. குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து கூட்டில் அடைக்கிறது; கொட்டிக் கொட்டி வைக்கிறது; புழு குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் குளவியாகிவிடுகிறது. வேதாந்தியும் சித்தாந்தியும் விரும்பி எடுத்தாண்ட உவமை. குரு சிஷ்ய உறவுக்கும் ஜீவன் பிரம்மமாவதற்கும் இது பயன்பட்டது. ஒரு மண்கூட்டை உடைத்துப் பார்த்திருந்தால் போதும்: மயங்கிக் கிடக்கும் புழுவின்மேல் குளவியின் முட்டை, அது பொரித்து வரும் குளவிப்புழு மற்றப் புழுவை உயிரோடு தின்று வளர்கிறது. தியானம் செய்த புழு குளவியின் பிள்ளைக்குச் சாப்பாடு. பிரான்சில் பள்ளி ஆசிரியராக இருந்த ஹென்றி ஃபாபர் 1879இலிருந்து வெளியிட்ட பத்துத் தொகுதிகளில் இந்த வேட்டைக் குளவிகள் வருகின்றன. வெயிலில் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்து எழுதியவர் அவர். உவமை அழகாக இருந்தால் கூட்டை உடைத்துப் பார்க்கத் தேவையில்லை என்று நாம் இருந்துவிட்டோம். இது பூச்சிகளோடு நின்றுவிட்ட குணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொன்வண்டின் சரித்திரத்தில் சென்னைப் பட்டணத்துக்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெல்லிய மஸ்லினில் ஜரிகையோடு வண்டின் பச்சைத் துண்டுகளை வைத்துத் தைத்த துணிகள் இங்கிருந்து இங்கிலாந்துக்குப் போயின. அந்த நாட்டுச் சீமாட்டிகள் நடன விருந்துகளில் அதை உடுத்தினார்கள். விளக்கொளியில் மரகதம்போல் மின்னும், மரகதத்தைவிட மலிவு, எடையும் இல்லை. 1888இல் லண்டன் லைசியம் அரங்கில் எலன் டெர்ரி மேக்பெத் சீமாட்டியாக நடித்தபோது அணிந்த அங்கியில் இத்தகைய துண்டுகள் ஏறக்குறைய ஆயிரம் தைக்கப்பட்டிருந்தன. சார்ஜென்ட் அதை அடுத்த ஆண்டு ஓவியமாக வரைந்தார். அந்த அங்கியைப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் செப்பனிட்டு, 2011இல் மறுபடி காட்சிக்கு வைத்தார்கள். 1903 தில்லி தர்பாரில் கர்ஸன் சீமாட்டி உடுத்திய மயில் உடையிலும் ஒவ்வொரு மயில்கண்ணின் நடுவிலும் வண்டுத் துண்டு இருந்தது.

இதை எல்லோரும் 'வண்டுச்சிறகு வேலை' என்கிறார்கள். சிறகு அல்ல அது. வண்டு பறப்பது அதற்கு அடியில் மடிந்து கிடக்கும் சவ்வுச் சிறகால். மேலே இருப்பது உறை; பறக்கும்போது அதற்கு வேலை அதிகம் இல்லை. தையற்காரிகள் உறையைத் தைத்தார்கள், சிறகு குப்பைக்குப் போயிற்று. காஃப்காவின் கதையைப் பற்றிப் பேசும்போது நபக்கோவ் இந்த இடத்தில்தான் விரல் வைத்தார். அவர் நாவலாசிரியர் மட்டுமல்ல, வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்தவரும்கூட. கிரெகோர் ஸாம்ஸா கரப்பான் அல்ல, ஒரு வகை வண்டு என்று அவர் வாதாடினார். அப்படியானால் அவனுடைய கடினமான முதுகுக்கு அடியில் சிறகு இருந்திருக்க வேண்டும், அது அவனுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை என்று சொன்னார். 1980இல் அச்சான அந்த விரிவுரை ஜெர்மன் பண்டிதர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். காஃப்கா திட்டவட்டமாக எந்தப் பூச்சியையும் சொல்லவில்லைதான். ஆனால் உறையைப் பார்த்துச் சிறகைத் தவறவிடுவது என்ற விஷயத்தைப் பூச்சி தெரிந்த ஒருவர்தான் அங்கே கவனித்திருக்க முடியும். ஆங்கில இலக்கியம் படித்த எனக்கு என் வகுப்பறையில் யாரும் சொல்லித்தராத வாசிப்பு இது.

உறைக்கு ஏன் இவ்வளவு மவுசு? காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. அந்தப் பச்சை சாயம் அல்ல. இலையின் பச்சை வாடினால் போய்விடும். ரத்தத்தின் சிவப்பு காய்ந்தால் கருத்துவிடும். பொன்வண்டின் உறை மிக மெல்லிய அடுக்குகளால் ஆனது. ஒவ்வொரு அடுக்கிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களைத் தூக்கிக் காட்டுகிறது, சிலவற்றை அடக்கிவிடுகிறது. சோப்புக் குமிழியின் நிறம் மாதிரி. நம் பனங்காடையின் நீலத்தைப் பற்றி ஸி. வி. ராமன் 1934இல் எழுதியதும் சாயமில்லாமல் அமைப்பால் பிறக்கும் நிறம் என்ற இதே துறைதான். அமைப்பு கெடாத வரை நிறம் கெடாது. வண்டு செத்ததை நிறம் அறியாது. ஜப்பானில் நாரா அருகே ஹோர்யுஜி கோயிலில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு சிறு பூஜைமாடம் இருக்கிறது. பொன்வண்டின் உறவான ஒரு வண்டின் உறைகளை உலோகச் சித்திர வேலைக்கு அடியில் பதித்துச் செய்தது. பெரும்பாலானவை உதிர்ந்துவிட்டன, மிஞ்சியவை இன்னும் மினுங்குகின்றன. ஜெர்மனியில் மெஸ்ஸல் சுரங்கத்துப் பாறைகளில் 4 கோடியே 70 லட்சம் வருஷத்துக்கு முந்திய வண்டுகள் நிறத்தோடு கிடைத்திருக்கின்றன. ஆகவே பெட்டிக்குள் வண்டு செத்தாலும் பையனுக்குப் பெரிதாக ஒன்றும் நஷ்டமில்லை. அதைப் பஞ்சில் வைத்துப் பத்திரப்படுத்தலாம். உயிரோடு இருந்தபோது அவன் எதை நேசித்தானோ அது அப்படியே இருக்கிறது. இப்படிப்பட்ட நேசத்துக்கு உயிர் ஒரு இடைஞ்சல்கூட.

வண்டை உண்மையிலேயே வளர்க்கிற ஒரு நாடு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியச் சிறுவர்கள் கொம்பு வண்டையும் கிடுக்கிக்கொம்பு வண்டையும் கோடையில் கடையில் வாங்குவார்கள். அதோடு நிற்பதில்லை. புழுவாகவே வாங்குகிறவர்கள் உண்டு. மக்கிய மரத்தூள், காளான் வித்து ஏற்றிய மரத்தூள் அடைத்த போத்தல், இவற்றில் புழு மாதக்கணக்கில் தின்று பருக்கும். போத்தலின் பக்கத்தில் அது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு, எடை போட்டுக் குறித்துக்கொண்டு, கூட்டுப்புழு ஆகும் சமயம் அசைக்காமல் வைத்திருந்து காத்திருக்கிறார்கள். அருவருப்பான வெள்ளைப் புழுவின்மேல் இவ்வளவு பொறுமை காட்ட முடியுமென்றால் அது ஒரு நாகரிகம்தான் என்று முதலில் நினைத்தேன். ஆனால் 1999இல் அங்கே தாவரப் பாதுகாப்புச் சட்ட விதிகளைத் தளர்த்தி வெளிநாட்டு வண்டுகளை இறக்குமதி செய்ய அனுமதித்தார்கள். அதன்பின் தென்கிழக்கு ஆசியக் காடுகளிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் வண்டுகள் வந்து இறங்கின. அதே ஆண்டு 8 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு வண்டு ஒரு கோடி யென்னுக்கு விலைபோயிற்று என்று செய்தி வந்தது. 2003இல் வண்டுகள் மோதும் விளையாட்டு இயந்திரங்கள் கடைகளுக்கு வந்தன. தப்பியும் கைவிடப்பட்டும் போன அயல்நாட்டு வண்டுகள் உள்நாட்டு இனத்தோடு கலந்துவிடும் என்று அங்குள்ள விஞ்ஞானிகள் கவலைப்பட ஆரம்பித்தார்கள். புழுவை நேசிக்கத் தெரிந்தவனும் புழுவைப் போத்தலில் வைத்துத்தான் நேசிக்கிறான். போத்தல் இருந்தால் கடை இருக்கும், கடை இருந்தால் எந்தக் காட்டிலிருந்தாவது சரக்கு வரும். ஜப்பானைக் காட்டி நம்மை இடித்துரைக்க எனக்கு விருப்பமில்லை.

நம் பொன்வண்டு போத்தலுக்கும் அடங்காது. அதன் புழு மக்கிய மரத்தில் இருப்பதல்ல. தாய் வண்டு மண்ணில் முட்டையிடுகிறது. பொரித்த புழு கீழே இறங்கி உயிருள்ள வேரைத் தின்று வளர்கிறது. வெளிச்சத்தில் நாம் பார்க்கிற வண்டின் சில வாரங்களுக்குப் பின்னால் மண்ணின் இருட்டில் மாதக்கணக்கான வாழ்க்கை இருக்கிறது. சில இனங்களில் அது ஓராண்டையும் தாண்டும். தீப்பெட்டி முட்டை ஏன் தொடரவில்லை என்பதற்கு இதுதான் பதில். பொரித்திருந்தாலும் அங்கே வேர் இல்லை. பொன்வண்டு என்கிற ஜீவனின் ஆயுளில் பெரும்பகுதி பொன்னுமில்லை, வண்டுமில்லை. வெளுத்த ஒரு புழு, ஒரு வேர், கலைக்கப்படாத மண்.

கலைக்கப்படாத மண் என்ற இடத்தில்தான் நம் ஜில்லாவின் சரித்திரம் உள்ளே வருகிறது. பழைய தென்னாற்காட்டின் இந்தப் பகுதியைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலக்கடலை மாற்றி அமைத்தது. மல்லாக்கொட்டை என்று நாங்கள் சொல்கிற அந்தப் பயிர் பாண்டிச்சேரித் துறைமுகம் வழியாக மார்சேய்க்குக் கப்பலேறி அங்கே எண்ணெயும் சோப்புமாயிற்று. (பொன்வண்டு என்ற பெயரில் ஒரு சலவைச் சோப்பு பிற்பாடு தமிழ்நாட்டில் வந்ததை நினைத்துக்கொள்கிறேன், சரித்திரத்துக்குச் சில சமயம் நகைச்சுவை உணர்வு உண்டு.) மானாவாரி மேடுகள் ஒவ்வொன்றாகக் கடலைக்கு உழப்பட்டன. இந்தப் பயிருக்காகத் திண்டிவனத்தில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1940இல் வெளியான டி.எம்.வி.2 என்ற கடலை ரகம் இந்தியா முழுவதும் பரவியது. அந்த மூன்று எழுத்துகளும் திண்டிவனத்தைக் குறிப்பவை என்பது அதைப் பயிரிட்ட குஜராத்திக்குத் தெரிந்திருக்கக் காரணமில்லை.

கடலை வந்ததும் அதற்கொரு வண்டும் வந்து சேர்ந்தது. நிலக்கடலைத் தண்டுத்துளைப்பான் என்று வேளாண்மைக்காரர்கள் சொல்வது பொன்வண்டின் நெருங்கிய உறவுதான். அதே குடும்பம், சின்ன உருவம், மங்கலான செம்பு நிறம். அதன் புழு கடலைச் செடியின் தண்டடியிலும் ஆணிவேரிலும் துளைத்துப்போகிறது. செடி வாடிப் படுத்துவிடுகிறது. இதை எவனும் பெட்டியில் போட்டுக் கொஞ்சியதில்லை. எருக்குழியில் பெருத்துக் கிடந்து பிறகு தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டும் இப்படித்தான். 1909இல் இலங்கையிலிருந்து ரப்பர் கன்றுகளோடு ஸமோவாத் தீவுக்கு அது போய்ச் சேர்ந்து பசிபிக்கில் தென்னைகளைச் சாய்த்தது. எந்தப் பையனும் வளர்க்காமல் அவை நன்றாகவே வளர்ந்தன. காரணம் எளிது. அவற்றுக்கு வேண்டிய வேரையும் எருவையும் நாம் ஏக்கர் கணக்கில் தயாரித்துக் கொடுத்தோம். பொன்வண்டுக்கு வேண்டிய வேரை வெட்டினோம். வளர்ப்பு என்ற சொல் சரியாகப் பொருந்துவது இந்த இடத்தில்தான்: நாம் நேசிக்காத வண்டுகளை வளர்த்தோம், நேசித்ததை வைத்திருந்தோம்.

பொன்வண்டு அருகிப்போனதற்குப் பையன்களைக் குற்றம் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தீப்பெட்டிகள்தான் அதை அழித்தனவாம். இதை நான் ஏற்கவில்லை. மரத்தில் உட்கார்ந்த வண்டு ஏற்கெனவே வாழ்க்கையின் கடைசி வாரங்களில் இருப்பது. கைக்கு எட்டிய கிளையில் சிலவற்றைப் பிள்ளைகள் எடுத்தார்கள். எட்டாத கிளையில் மிச்சம் இருந்தது. மண்ணுக்கடியில் அடுத்த வருஷத்துக்கு உரியவை இருந்தன. ஒரு ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பருவம் முழுக்கப் பிடித்துத் தீர்ப்பதைவிட ஒரு நாள் மண்வாரி இயந்திரம் செய்வது அதிகம். அது வருங்கால வண்டுகளை வேரோடு புரட்டிவிடுகிறது.

நான் வங்கியில் கடன் மேசையில் உட்கார்ந்திருக்கிறவன். நிலத்தின் சரித்திரம் என் கைக்கு வருவது சிட்டாவாகவும் அடங்கலாகவும் வில்லங்கச் சான்றாகவும்தான். அந்தக் காகிதங்களில் சில அருமையான சொற்கள் இருக்கின்றன. தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு, மேய்க்கால் புறம்போக்கு. ரயத்துவாரிக் கணக்கில் நிலத்துக்கு ஒரே கேள்விதான்: சர்க்காருக்கு வரி வருமா, வராதா. வராததெல்லாம் தரிசு. தரிசு என்ற சொல்லுக்கு நம் காதில் பாழ் என்ற தொனி ஏறிவிட்டது. வேலமும் இலந்தையும் முளைத்து, ஆடு மேய்ந்து, கலப்பை படாமல் கிடந்த அந்த மண்ணில்தான் பொன்வண்டு தன் இருட்டு வாழ்க்கையை வாழ்ந்தது. விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே நெடுஞ்சாலையின் இருபுறமும் வண்ணக் கொடிகளும் எண்ணிட்ட கற்களும் நட்ட மனைப்பிரிவுகளைப் பஸ்ஸில் போகிற எவரும் பார்க்கலாம். அந்த மனைகளுக்கு உரிய காகிதங்களில் சில என் மேசையைத் தாண்டித்தான் போகின்றன. முந்தைய வகைப்பாடு என்ற இடத்தில் தரிசு என்று இருக்கும், அதன் பக்கத்தில் நான் சரிபார்த்ததற்கு அடையாளமாக ஒரு பென்சில் கோடு இருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில் சீமைக்கருவேல் ஏறிக்கொண்டது. அது பச்சையாகத் தெரிகிறது, காடு போலவும் தெரிகிறது.

இந்தச் சமயத்தில்தான் பொன்வண்டு கவிதைகளில் நிறைய வருகிறது. இழந்த பால்யத்துக்குத் தீப்பெட்டியும் பொன்வண்டும் ஏறக்குறைய ஒரு முத்திரைச் சின்னம் ஆகிவிட்டன. எழுதுகிறவர்களின் ஏக்கம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கவிதைகளில் வண்டு எப்போதும் பெட்டிக்குள்ளேதான் இருக்கிறது. எந்த மரத்தில் இருந்தது, மழை விழுந்து எத்தனையாவது நாள், அந்த மரம் நின்ற இடம் யாருடையது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, இவை கவிதைக்கு வெளியே நின்றுவிடுகின்றன. மஸ்லினில் தைத்த உறையைப் போல வரிகளுக்கு நடுவே ஒரு பச்சைத் துண்டு மினுங்குகிறது. மங்காத பச்சை என்பதே அதில் எனக்குள்ள சந்தேகம். குளவிக்கூட்டை உடைக்காமலே உவமை செய்தவர்களின் வாரிசுகள் நாம் என்பது இங்கே தெரிந்துவிடுகிறது.

பொன்வண்டை உண்மையாகவே வளர்க்க விரும்புகிற ஒருவன் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. பெட்டி வேண்டாம், போத்தல் வேண்டாம், கிள்ளிப்போட இலை வேண்டாம். ஒரு ஏக்கர் மேய்க்காலை, அதிலுள்ள நாலு வேலமரத்தையும் இலந்தைப் புதரையும், சில வருஷங்கள் யாரும் கிளறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அப்போது வளர்வது அவன் கண்ணுக்குத் தெரியாது. காட்டுவதற்கு அவனிடம் எதுவும் இருக்காது. அடங்கலில் அந்த நிலத்துக்கு நேராகப் பயிர் என்ற பத்தி காலியாகவே இருக்கும். கிராம நிர்வாக அலுவலர் தரிசு என்றுதான் எழுதுவார்.